எடை குறைந்த குண்டுகள்

ஜனவரி 9

மச்சானுக்கு,

சரித்திரச் சங்கம் எனக்கு அநியாயம் செய்துவிட்டது. அதை எழுதி முடித்துவிட்டுத்தான் உன்னை நலம் விசாரிப்பேன். இல்லாவிட்டால் விசாரிப்பில் மனம் நிற்காது.

நேற்று என் பெட்டி திரும்பி வந்தது. செங்கல் சூளைக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் இரண்டு வருடமாக மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்து நான் தோண்டியெடுத்த ஈயக் குண்டுகள் அத்தனையும் அதற்குள் இருந்தன. கண்ணாடி அலமாரியில் வைக்கிறோம் என்று கெஞ்சி வாங்கிப் போனவர்கள், பழைய செய்தித்தாளில் சுற்றி அனுப்பிவிட்டார்கள். கொண்டுவந்தது செயலாளரேதான். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாத மனிதர். நீயும் நானும் அவருக்குக் கோட்டு என்று பெயர் வைத்ததில் தப்பே இல்லை. வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"பெரியவரே, தப்பா எடுத்துக்காதீங்க. இதுல பாதி தூண்டில்ல கட்டுற ஈயமா இருக்குமோன்னு கமிட்டியில சந்தேகப்படுறாங்க" என்றார்.

"நீங்க மீன் பிடிச்சிருக்கீங்களா?"

"இல்லையே."

"நான் பிடிச்சிருக்கேன். அந்த மேட்டுல தண்ணி கிடையாது."

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும். நம் ஊரில் அந்தக் காலத்தில் நடந்த சண்டையில் நீலச் சட்டைக்காரர்கள் கடைசிவரை ஓரிடத்தில் நின்று செத்தார்கள். பழுப்புச் சட்டைக்காரர்கள் அவர்களைச் சுட்டார்கள். நீலத்தின் துப்பாக்கிக்குப் பெரிய குண்டு, பழுப்பின் துப்பாக்கிக்குச் சின்னக் குண்டு. ஆகவே சின்னக் குண்டு எங்கே விழுந்து கிடக்கிறதோ அங்கேதான் நீலம் நின்றது. என் மேட்டில் கிடைத்ததெல்லாம் எடை குறைந்த சின்னக் குண்டுகள். செத்தவர்களுக்கான நினைவுக்கல் அங்கேதான் நிற்க வேண்டும். கோட்டு அதை ஓடைக்கு அப்பால், பள்ளிக்கூட மைதானத்தில் நடப் போகிறார். மே மாதம் திறப்பு விழாவாம். கல்லில் எழுத்து வெட்ட ஆள் சொல்லியாகிவிட்டதாம்.

சங்கத்தில் இருக்கும் குண்டுகளின் எடைப் பட்டியலை எனக்கு அனுப்பு. நீ வெளியூருக்குப் போன பிறகும் கமிட்டியில் இருக்கிறாய், சண்டை வரைபடம் போடுகிறவனும் நீதான். போனில் கேட்க மாட்டேன். போனில் நாம் இருவரும் கத்துவோம், பிறகு யார் என்ன சொன்னோம் என்பதற்கே தனியாக ஒரு சண்டை வரும்.

இப்போது விசாரிக்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே நான் சுகம். உன் அக்காவும் சுகம்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாள் அவ்வப்போது. வயதாகிறதல்லவா.

உன் அத்தான்

•

ஜனவரி 23

அன்புள்ள அத்தானுக்கு,

முழங்கால் படி ஏறும்போது மட்டும் பேசுகிறது, மற்ற நேரங்களில் மரியாதையாக இருக்கிறது. அக்காவின் வயிற்று வலியை நீங்கள் ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள், கோட்டுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். டாக்டரிடம் போனீர்களா?

தூண்டில் ஈயம் என்று சொன்னது அசிங்கம். கமிட்டியில் அந்த வார்த்தை வந்தபோது நான் மறுத்தேன். ஆனால் அவர்கள் சந்தேகத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். நீலத்தின் குண்டு முப்பது கிராமுக்குச் சற்று மேலே நிற்கிறது. பழுப்பின் குண்டு இருபத்தேழை ஒட்டி நிற்கிறது. ஒவ்வொரு படையும் தன் குண்டுகளை ஒரே அச்சில் வார்த்தது, அதனால் பெரிய ஏற்றத்தாழ்வு கிடையாது. உங்கள் பெட்டியில் ஒன்று இருபத்தாறு, அடுத்தது இருபத்தெட்டரை, அதற்கடுத்தது இருபத்தேழு. குண்டுக்குக் குண்டு வேறாக இருக்கிறது. எந்தப் படையும் இப்படி வார்த்து வைத்துக்கொண்டு சண்டைக்குப் போயிருக்காது.

இன்னொன்று. மைதானத்தில் கிடைத்த சின்னக் குண்டுகள் வெள்ளைத் தோல் படிந்து, சுண்ணாம்பில் புரட்டியது மாதிரி இருக்கின்றன. உங்களுடையவை நேற்றுக் கடையில் வாங்கியது போல மின்னுகின்றன. மண்ணுக்குள் இத்தனை காலம் கிடந்த ஈயம் அப்படி மின்னுமா? இது குற்றச்சாட்டு இல்லை. எனக்கே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

பட்டியலை இதனுடன் வைத்திருக்கிறேன். அக்காவை ஒரு வரியாவது எழுதச் சொல்லுங்கள்.

மச்சான்

•

பிப்ரவரி 5

மச்சானுக்கு,

மின்னுவதும் ஒரு குற்றமா? கேட்டுக்கொள்.

நான் பஸ் டெப்போவில் முப்பத்தெட்டு வருடம் மெக்கானிக்காக இருந்தவன். சரித்திரத்தைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, நூலகத்தில் நின்றுகொண்டே படித்தேன். ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குப் பாடம் எடுக்க யாரும் பிறக்கவில்லை. அழுக்குப் படிந்த பாகத்தை அளந்தால் அளவு பொய் சொல்லும். எதையும் கழுவிவிட்டுத்தான் அளக்க வேண்டும். மைதானக்காரர்கள் மண்ணோடும் தோலோடும் சேர்த்து எடை போடுகிறார்கள். நான் குண்டை வினிகரில் ஊறப் போடுகிறேன். அந்த வெள்ளைத் தோல் இளகும்வரை நாள் கணக்கில் கிடக்கும். பிறகு கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, சாம்பல் போட்டுத் துடைப்பேன். அப்போது வருவதுதான் உண்மையான எடை. வினிகரையும் வீணாக்குவதில்லை. வடிகட்டிப் பழைய பாட்டிலில் ஊற்றி, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் வைத்துவிடுவேன். அடுத்த தடவைக்கு ஆகும்.

ஆகவே வித்தியாசம் என் குண்டில் இல்லை. அவர்களின் சோம்பேறித்தனத்தில் இருக்கிறது.

சங்கக் கூட்டத்துக்குப் போனேன். டயர் கடைக்கு மேலே அதே அறை, அதே ஆடும் மேஜை. காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்திருந்தேனே, யாரோ எடுத்துவிட்டார்கள். பட்டியலை நீட்டினேன். ரேடியோ கடைக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "பெரியவர் வந்துட்டாரு. டீ சொல்லுங்க, இன்னிக்கு வீட்டுக்குப் போக முடியாது."

நான் டீ குடிக்கவில்லை.

உன் அக்கா எழுதுகிறேன் என்கிறாள், எழுதவில்லை. பேனா கையில் நிற்க மாட்டேன் என்கிறதாம். நேற்று ஒரு கப்பையும் கீழே போட்டாள். கவனம் இல்லை, வேறென்ன. டாக்டர் ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார். சின்ன மகள் ஞாயிறுதோறும் வந்து சமைத்து வைத்துவிட்டு என்னை முறைத்துவிட்டுப் போகிறாள்.

உன் அத்தான்

•

பிப்ரவரி 20

அன்புள்ள அத்தானுக்கு,

சின்ன மகள் முறைப்பதற்குக் காரணம் இருக்கும். நான் அங்கே இருந்தால் நானும் சேர்ந்து முறைப்பேன்.

வினிகர் விஷயத்தைப் படித்ததிலிருந்து ஒரே யோசனை. நீங்கள் தோலை அழுக்கு என்கிறீர்கள். அது வெளியிலிருந்து வந்து ஒட்டிய மண் என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்தத் தோலே ஈயம் மாறி உண்டானதாக இருந்தால்? இரும்பில் துரு பிடித்தால் துருவைச் சுரண்டி எறிந்துவிட்டு மிச்சத்தை அளந்து, ஆணி பிறந்ததிலிருந்தே இவ்வளவு ஒல்லி என்று சொல்வீர்களா?

எனக்கு விடை தெரியாது, கேள்வி மட்டும்தான் இருக்கிறது. வெர்னியர் அளவுகோலால் விட்டத்தையும் அளந்து எழுதுங்களேன். நீங்கள் அளந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன்.

அக்காவின் கை எப்படி இருக்கிறது? கப் விழுந்தது ஒரு தடவைதானா?

மச்சான்

•

மார்ச் 2

வரைபடக்காரருக்கு,

கமிட்டிக் கூட்டக் குறிப்பு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. படித்தேன். மைதானத்தில் கல் நடலாம் என்று கை தூக்கியவர்களில் நீயும் ஒருவன். டிசம்பரிலேயே தூக்கியிருக்கிறாய். எனக்கு இரண்டு கடிதம் எழுதியும் அதைச் சொல்லவில்லை.

முழங்கால் குணமாகட்டும்.

•

மார்ச் 9

அன்புள்ள அத்தானுக்கு,

தூக்கினேன், உண்மைதான். சொல்லாதது என் கோழைத்தனம். நேரில் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன், அப்படித் தள்ளுகிறவன் நேரிலும் சொல்ல மாட்டான்.

ஆனால் ஏன் தூக்கினேன் என்று கேளுங்கள். வரைபடத்தில் இரண்டு இடத்தையும் போட்டுப் பார்த்தேன். நீலம் உங்கள் மேட்டில் நின்றிருந்தால், பழுப்பு எங்கேயிருந்து சுட்டது? மைதானத்திலிருந்து என்றால் அங்கே நீலத்தின் பெரிய குண்டுகள் கிடைத்திருக்க வேண்டும். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நிலத்தில் எங்குமே பெரிய குண்டு கிடையாது. சங்கத்தில் இருக்கும் பெரிய குண்டுகள் நீலத்தின் கிடங்கிலிருந்து வந்தவை, சுடப்படாதவை. கடைசிவரை நின்று செத்தவர்கள் ஒரு குண்டைக்கூடவா திருப்பிச் சுடவில்லை? இந்தப் புதிர் என்னைத் தூங்கவிடவில்லை. உங்கள் பக்கமாகவும் எனக்குத் திருப்தி இல்லை, கோட்டு பக்கமாகவும் திருப்தி இல்லை.

ஒன்று மட்டும் செய்யுங்கள். மேட்டில் புதிதாக ஒரு குண்டைத் தோண்டுங்கள். கழுவாமல் எடை போடுங்கள். பிறகு உங்கள் வழக்கப்படி ஊறப் போட்டு, தேய்த்து, மறுபடி எடை போடுங்கள். வித்தியாசம் இல்லாவிட்டால் நானே அடுத்த கூட்டத்துக்கு ரயிலேறி வந்து, ஆடும் மேஜையின் மேல் ஏறி நின்று உங்கள் கட்சி பேசுகிறேன். முழங்காலோடு.

மச்சான்

•

மார்ச் 29

அன்புள்ள அத்தானுக்கு,

பதில் இல்லை. வீட்டுக்குப் போன் செய்தேன், "அவர் மேட்டுக்குப் போயிருக்கிறார்" என்று அக்கா சொன்னாள். மழையிலா என்று கேட்டேன். "மழையில மண்ணு இளகுமாம், சுலபமா தோண்டலாமாம்" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. நாலு வார்த்தை பேசிவிட்டுக் களைப்பாக இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

என் மீது கோபம் இருக்கட்டும். அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

மச்சான்

•

ஏப்ரல் 6

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கோழி கிளறியது மாதிரி இருக்கும், மன்னித்துக்கொள். வலது கை மணிக்கட்டு நிமிர மாட்டேன் என்கிறது, இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். இந்த ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் ஆயிற்று.

உன் அத்தான் உன்னோடு பேசவில்லை என்று நினைக்காதே. என்னோடும் பேசவில்லை. சுவரோடு பேசுகிறார். "அவனும் கை தூக்கிட்டான் பாரு" என்று காலண்டரைப் பார்த்துச் சொல்கிறார். நான் பதில் சொன்னால், "உன்ன யாரு கேட்டா" என்கிறார்.

வயிறு முறுக்கிப் பிழிகிறது. வந்தால் ஒரு நாள் முழுக்க இருக்கும். சாப்பாடு எதுவும் பிடிக்கவில்லை, வாயில் சில்லறைக் காசைப் போட்டு வைத்த மாதிரி ஒரு ருசி. எனக்கு இறங்குவது ஒன்றே ஒன்றுதான், வெள்ளரிக்காயும் வெங்காயமும் நறுக்கி வினிகர் ஊற்றி ஊற வைத்தது. உனக்குத் தெரியுமே, சின்ன வயதிலிருந்தே எனக்குப் புளிப்பு என்றால் உயிர். அவருக்குப் புளிப்பு ஆகாது, முகத்தை ஏழு கோணலாக்குவார். அதனால் கிண்ணம் முழுக்க எனக்கே. இப்போதெல்லாம் கடையில் நல்ல வினிகர் வருகிறது போலிருக்கிறது, லேசாக இனிக்கிறது. அதனால்தான் இறங்குகிறது.

அவரைக் கோபித்துக்கொள்ளாதே. தூண்டில் ஈயம் என்று சொன்னது அவருக்கு உள்ளே போய்விட்டது. படிக்காதவன் என்றுதான் சொல்கிறார்கள் என்று அவருக்குக் கேட்கிறது. அந்தக் கல் அவருடைய மேட்டுக்கு வராவிட்டால் மனுஷன் என்ன ஆவார் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். முழங்காலுக்கு எண்ணெய் தடவு.

அக்கா

•

ஏப்ரல் 15

அன்புள்ள அத்தானுக்கு,

அக்காவின் கடிதம் வந்தது. அவள் கையெழுத்தை என்னால் அடையாளம் காண முடியவில்லை. கப் விழுவதும் மணிக்கட்டு தொங்குவதும் வயதால் வருவதில்லை அத்தான். கோபத்தை ஒரு மாதம் ஒத்திப்போடுங்கள். மே மாதம் விழாவுக்கு நான் வருகிறேன், அவளை என்னோடு இங்கே அழைத்து வந்து வைத்துக்கொள்கிறேன். காற்றும் சாப்பாடும் மாறட்டும்.

குண்டை எடை போட்டீர்களா என்று இந்தக் கடிதத்தில் கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். கேட்டுவிட்டேன்.

மச்சான்

•

மே 4

மச்சானுக்கு,

சின்ன மகள் போனில் உனக்கு எல்லாம் சொல்லிவிட்டாள் என்று தெரியும். ஆனால் எப்படி நடந்தது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அவள் சொல்லும்போது அழுகிறாள், அழுதால் வரிசை மாறிவிடும்.

நீ எழுதியபடி புதிதாக ஒரு குண்டை எடுத்தேன். உனக்காக அல்ல. உன்னை அந்த மேஜை மேல் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்பதற்காக. வெள்ளைத் தோலோடு அப்படியே நகைக்கடைக்காரர் தராசில் வைத்தேன். முப்பதுக்கு மேல் காட்டியது. நீலத்தின் எடை. தோலின் கனம் என்று சொல்லிக்கொண்டேன். என் வழக்கப்படி ஊறப் போட்டுத் தேய்த்து மறுபடி வைத்தேன். இருபத்தேழு. பெட்டியில் இருப்பவற்றோடு சரியாக வந்துவிட்டது. வித்தியாசமெல்லாம் அழுக்குத்தான், மச்சான் தோற்றான் என்று வீட்டுக்கு வந்தேன்.

வந்த பிறகு மனம் கேட்கவில்லை. டெப்போவில் ஒரு பாகத்தை மண்ணெண்ணெயில் கழுவினால், போன அழுக்கு தட்டின் அடியில் உட்கார்ந்திருக்கும். கரியாக, மண்ணாக, கையில் எடுத்துப் பார்க்கலாம். இந்த வினிகரை வெள்ளைத் துணியில் வடித்தேன். துணியில் ஒன்றுமில்லை, ஒரு சிட்டிகைத் தூசி. பிரஷ்ஷில் ஒட்டியதையும் தட்டிப் பார்த்தேன், அதுவும் கொஞ்சம்தான். மூன்று கிராமுக்கு மேல் குறைந்திருக்கிறது. எடை எங்கேயும் போகாது மச்சான். குண்டிலும் இல்லை, துணியிலும் இல்லை என்றால் வினிகருக்குள்தான் இருக்க வேண்டும். தண்ணீர் போலத் தெளிவாகத்தான் இருந்தது. ஒரு மூடியில் ஊற்றி வெயிலில் காய வைத்தேன். காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்து நின்றது.

அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஒரு விடை கிடைத்துவிட்ட சந்தோஷம். வடித்ததைப் பழைய பாட்டிலில் ஊற்றலாம் என்று தொட்டிக்கு அடியில் குனிந்தேன். பாட்டிலைக் காணோம்.

"இங்க இருந்த பாட்டில் எங்க?" என்றேன்.

உன் அக்கா கட்டிலில் படுத்திருந்தாள். "எது, பாதி இருந்துதே அதுவா? பெரிய பாட்டில்ல சேர்த்துட்டேன்."

"யாரு சேர்க்கச் சொன்னா?"

"இது என்ன புதுசா? அரைகுறையா ரெண்டு பாட்டில் கிடந்தா ஒண்ணா ஊத்திடுவேன்னு உங்களுக்குத் தெரியாதா? ரெண்டு வருஷமா வாங்கறீங்க, குறைஞ்சா மறுபடி நிரப்பி வைக்கறீங்க. இப்பதான் வீட்டு மேல அக்கறை வந்துதுன்னு நினைச்சேன்."

அலமாரியைத் திறந்தேன். பெரிய பாட்டில் இருந்தது. ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். எனக்குப் புளிப்பு ஆகாது, ஆனால் அது புளிக்கவில்லை. இனித்தது.

பாட்டிலை ஒரு கையிலும் குண்டை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு நின்றேன். அவள், "என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி ஆயிடுச்சு? எடை சரியா வரலையா?" என்றாள்.

"வந்துடுச்சு. எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன்.

"வயித்து வலி இன்னிக்கு இல்லையே."

"எந்திரின்னா எந்திரி."

சின்ன மகளை வழியில் கூட்டிக்கொண்டோம். சீட்டு எழுதுகிற இடத்தில் என்ன கேஸ் என்று கேட்டார்கள். பாட்டிலை மேஜை மேல் வைத்து, "ரெண்டு வருஷமா இதைத்தான் சாப்பிடறா. இதுல ஈயம் இருக்கு" என்றேன். அந்தப் பெண் நாற்காலியிலிருந்து எழுந்தே போய்விட்டாள். வந்த டாக்டருக்கு வயது முப்பது இருக்காது. உன் அக்காவின் உதட்டைக் கீழே இழுத்து ஈறைப் பார்த்தார். ஈறின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டது மாதிரி நீலமாக இருந்தது. நான் தினமும் பார்க்கிற முகம், எனக்கு அது தெரியவில்லை.

"யாரும் இத்தனை நாள் ரத்தத்துல ஈயம் பார்க்கலையா?" என்றார்.

"யாரும் கேக்கல" என்றேன்.

"நீங்க சொல்லலையா?"

என்னிடம் சொல்ல இருந்ததெல்லாம் சூளை மேட்டைப் பற்றியது.

ஈயம் கரைந்தால் வினிகர் இனிக்குமாம். அவள் ரத்தத்தில் ஈயம் மிக அதிகமாக இருக்கிறதாம். என் ரத்தத்திலும் கொஞ்சம் இருக்கிறது. கையால் தேய்த்ததில் வந்திருக்கும், அது கிடக்கட்டும். ஈயத்தை வெளியே இழுக்கும் மருந்தை அவளுக்கு ஊசியில் ஏற்றுகிறார்கள். வயிற்று வலி நின்றுவிட்டது. மணிக்கட்டு முழுக்கத் திரும்புமா என்று கேட்டேன். பாதி திரும்பும், மீதி உழைப்பைப் பொறுத்தது என்றார். எத்தனை நாள் என்று கேட்டால் சிரிக்கிறார்.

ஒன்று கேட்கிறேன். அவள் உனக்கு எழுதினாளாமே, வினிகர் இனிக்கிறது என்று. ஆஸ்பத்திரியில் அவளே சொன்னாள். வினிகரில் ஊறப் போடுகிறேன் என்று நான் எழுதியதும் உன்னிடம் இருந்தது. தோலே ஈயமாக இருந்தால் என்ற கேள்வியும் உன்னுடையதுதான். மூன்றும் உன் மேஜையில் ஒரே நேரத்தில் கிடந்திருக்கின்றன. நீ அவற்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை. நான் தொட்டிக்கு அடியில் பார்க்கவில்லை. நாம் இருவரும் ஆதாரம் ஆதாரம் என்று கத்தியது யாரோ நீலச் சட்டை போட்டுச் செத்தவர்களுக்காக. இதை நீ மறுத்து எழுத வேண்டாம். நானும் இனி எழுத மாட்டேன்.

சண்டைக்கு வருகிறேன். என் மேட்டில் கிடந்தவை பெரிய குண்டுகள், வினிகர் தின்றதில்தான் எடை குறைந்தன. அதாவது நீலம் சுட்டவை. அப்படியென்றால் என் மேட்டில் நின்றது பழுப்பு, நீலம் மைதானத்தில்தான் நின்றது. கோட்டு கல் நடுகிற இடம் சரி. இதை ஒரு தடவை எழுதிவிட்டேன், இன்னொரு தடவை வாயால் சொல்லச் சொன்னால் சொல்ல மாட்டேன். ஆனால் நீலம் திருப்பிச் சுடவே இல்லையா என்று உன்னைத் தூங்கவிடாத புதிருக்கு விடை என் மேட்டில் இருக்கிறது, மைதானத்தில் இல்லை. அதைக் கண்டெடுத்தவன் நான். தூண்டில் ஈயம் என்று சொன்னவர்கள் அதை அவ்வளவு சுலபமாகக் கடந்துபோக முடியாது.

இனி நடக்க வேண்டியவை.

கோட்டு என் வீட்டுக்கு வந்து, வாசலைத் தாண்டி உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, தூண்டில் ஈயம் என்று சொன்னதைத் திரும்பப் பெற வேண்டும். கோட்டைக் கழற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

சங்கம் தன்னிடம் இருக்கும் ஒரு குண்டைக்கூடக் கழுவக் கூடாது. ரேடியோ கடைக்காரரிடம் எலுமிச்சம்பழம் தேய்த்த குண்டு ஒன்று இருக்கிறது, அதை அவர் பேரப்பிள்ளைகள் விளையாடுகிற இடத்திலிருந்து இன்றைக்கே எடுக்க வேண்டும். நீ போனில் அவரிடம் சொல். நான் சொன்னால் டீ சொல்லிவிடுவார்.

எழுத்து வெட்டுகிறவர் இன்னொரு கல் வெட்ட வேண்டும். சின்னதாக இருந்தால் போதும். நீலம் சுட்ட குண்டுகள் இங்கே விழுந்தன என்று எழுதி, சூளை மேட்டில் நட வேண்டும். சங்கம் நடாவிட்டால் நானே குழி தோண்டி நடுவேன், எனக்குத் தோண்டிப் பழக்கம் இருக்கிறது.

நீ வரைபடத்தைத் திருத்த வேண்டும். என் மேட்டில் பழுப்பைப் போடு. பென்சிலில் போடாதே. விழாவுக்கு வந்தால் அக்காவை அழைத்துப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். அது வேண்டாம். வந்து பார்த்துவிட்டுப் போ.

சமையலறையை முழுக்கக் காலி செய்து சின்ன மகள் கழுவ வேண்டும், கழுவிக்கொண்டிருக்கிறாள். என் பெட்டி, பிரஷ், தட்டு எல்லாம் பின்கட்டு அறையில் பூட்டியிருக்கின்றன. சாவி அவளிடம். நான் கேட்டாலும் அவள் கொடுக்கக் கூடாது.

உன் அக்காவின் கையைத் தினமும் காலையிலும் மாலையிலும் பிடித்து, முழங்கையை மேஜை மேல் வைத்து, தொங்குகிற மணிக்கட்டை மெல்ல மேலே தூக்கி நிறுத்த வேண்டும். அவளே தூக்கும்வரை தூக்க வேண்டும், வலித்தால் நிறுத்த வேண்டும். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் அதைச் சொல்லிக் கொடுத்தாள். வீட்டுக்கு ஆள் அனுப்பவா என்றும் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதை நான்தான் செய்ய வேண்டும்.

உன் அத்தான்